எழுத்தைக் கொண்டு சொல்லைப் பிடித்த கதை

1604ஆம் ஆண்டு லண்டனில் ஒரு சிறிய புத்தகம் வெளிவந்தது. பெயர் 'டேபிள் அல்ஃபபெடிகல்'. தொகுத்தவர் ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதியாகக் கருதப்படுவது இதுதான். அதில் இருந்தவை ஏறத்தாழ 2,500 சொற்கள். இன்று அதன் முதல் பதிப்பில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் அதைக் காத்து வருகிறார்கள். புத்தகத்தின் முன்னுரையில் காட்ரி வாசகருக்கு ஒரு பாடமே நடத்துகிறார். முதலில் எழுத்துகளின் வரிசையைப் பிசகாமல் கற்றுக்கொள்ளுங்கள். தேடும் சொல் 'ஏ'யில் தொடங்கினால் புத்தகத்தின் முன்பக்கங்களிலும், 'வி'யில் தொடங்கினால் கடைசிப் பக்கங்களிலும் பாருங்கள் என்கிறார்.

அகராதியை எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. இன்று பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் காட்ரி காட்டிய வழி ஒருவழிப் பாதை. சொல்லின் முதல் எழுத்து தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். கையில் சில எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. அவை எந்தச் சொல்லில் ஒளிந்திருக்கின்றன என்று தெரியாது. அப்படிப்பட்டவருக்கு அகராதி மூடிய பெட்டிதான். 'ஜி'யும் 'பி'யும் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தப் பெட்டியை மறுபக்கத்திலிருந்து திறக்க நடந்த முயற்சிகளில் விஞ்ஞானிகள், கவிஞர்கள், கணித ஆசிரியர், வேலையிழந்த கட்டடக் கலைஞர், கணினிப் பொறியாளர்கள் எனப் பலரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். முதலில் வந்த விஞ்ஞானிகள், சொல்லைத் தேடுவதற்காக அல்ல, ஒளிப்பதற்காக எழுத்துகளைக் கலைத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் ஒரு கண்டுபிடிப்புக்கு உரிமை கோருவது எளிதல்ல. முழுவதும் உறுதிப்படுத்தும்முன் வெளியிட்டால் தவறிப்போகலாம். தாமதித்தால் இன்னொருவர் முந்திக்கொள்வார். ஆகவே கண்டுபிடிப்பை ஒரு லத்தீன் வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துகளைக் கலைத்து நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். பின்னாளில் யாராவது உரிமை கோரினால், கலைத்த எழுத்துகளைச் சேர்த்துக் காட்டித் தம் முதன்மையை நிறுவலாம். 1610இல் கலிலியோ 37 எழுத்துகள் கொண்ட ஒரு கலவையை அப்படி அனுப்பினார். சனிக்கோள் மூன்றாகத் தெரிகிறது என்பது அதற்குள் இருந்த செய்தி. வளையத்தை அவருடைய தொலைநோக்கி இருபுறமும் இரண்டு உருண்டைகளாகக் காட்டியிருந்தது. பிராக் நகரில் இருந்த வானியலாளர் கெப்ளர் அந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டி, ஒரு லத்தீன் வரியை எப்படியோ தேற்றினார். செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்ற பொருள் அதில் வந்தது. விடை முற்றிலும் தவறு. ஆனால் 1877இல் ஆசஃப் ஹால் என்ற அமெரிக்க வானியலாளர் செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்!

ஒரே எழுத்துத் தொகுதிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கியங்கள் இருக்கலாம் என்பதைக் கெப்ளரின் தவறு காட்டியது. அடுத்த தலைமுறை இன்னும் ஒழுங்காக ஒளித்தது. சனியைச் சுற்றி ஒரு வளையம் இருப்பதை உணர்ந்த டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1656இல் அதைச் சொல்லும் வாக்கியத்தின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார். எல்லா 'ஏ'க்களும் முதலில், பிறகு எல்லா 'சி'க்களும் என்று போயிற்று அந்த வரி. விடையை 1659இல்தான் வெளியிட்டார். இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் 1676இல் அதையே செய்தார். சுருள்வில்லின் நீட்சி அதை இழுக்கும் விசைக்கு ஏற்ப இருக்கும் என்ற விதியை 14 எழுத்துகளில் அகரவரிசைப்படுத்தி வெளியிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அவிழ்த்துக் காட்டினார். இன்று பள்ளி இயற்பியலில் ஹூக் விதி என்று படிப்பது அதைத்தான். அதே 1676இல் நியூட்டன் லைப்னிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் நுண்கணிதத்தின் சாரத்தை ஒளித்தபோது, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையை மட்டுமே கொடுத்தார்.

அகரவரிசையில் அடுக்கிவிட்டால் எழுத்துகள் இருந்த இடத்தின் தடயம் முழுதும் அழிந்துவிடுகிறது. எழுத்துகள் மட்டும் எஞ்சுகின்றன. ஒளிப்பதற்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை என்று ஹூக்கும் ஹைகன்ஸும் நினைத்தார்கள். இதே முறைதான் ஒருநாள் சொல்லைக் கண்டுபிடிக்கும் திறவுகோலாகும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அதற்கு முன்னதாக, அகராதியைப் பின்னாலிருந்து திறக்கும் முயற்சி ஒன்று நடந்தது. நாடக நடிகராக இருந்து உச்சரிப்பு ஆசிரியராக மாறிய ஜான் வாக்கர், 1775இல் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். 'ஷன்' என்று முடியும் சொற்களெல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தன. இயைபு தேடிய கவிஞர்களுக்கு அது பெரும் வசதி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அது பதிப்புக் கண்டுகொண்டே இருந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அலுவலகமும் இதே வேலையை 20ஆம் நூற்றாண்டில் அட்டைகளில் செய்தது. தட்டச்சர்கள் ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாகத் தட்டச்சு செய்து, சுமார் 3,15,000 அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். ஒரே முடிவு கொண்ட சொற்களுக்கு ஒரே மாதிரி விளக்கம் எழுதியிருக்கிறோமா என்று சரிபார்க்க ஆசிரியர்களுக்கு அது உதவியது.

தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல் நடு எழுத்துகள் மட்டும் தெரிந்தால்? அந்தக் கேள்வியை ஒரு விளையாட்டாகவே ஆக்கியவர் லூயிஸ் கரோல். 'ஆலிஸ்' கதைகளை எழுதிய அவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன். எழுத்து விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். விக்டோரியா காலத்து வரவேற்பறைகளில் பெயர்களைக் கலைத்துப் புதுத் தொடர் ஆக்குவது நாகரிகப் பொழுதுபோக்காக இருந்தது. செவிலியர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரில் உள்ள 19 எழுத்துகளையும் மாற்றிப்போட்டு 'ஃபிளிட் ஆன், சியரிங் ஏஞ்சல்' என்று அவரை வாழ்த்தும் தொடராக்கியவர் கரோல்தான் என்பார்கள்.

1880களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட 'மிஷ்மாஷ்' என்ற விளையாட்டு நம் கேள்விக்கு நேரடியானது. ஒருவர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரு கருவைச் சொல்வார். மற்றவர் அந்த எழுத்துகள் அதே வரிசையில் சேர்ந்து வரும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். 'ஜி-பி' என்றால் 'மேக்பை'. 'இ-எம்-ஓ' என்றால் 'லெமன்'. 'ஐ-எம்-எஸ்-இ' என்றால் 'ஹிம்செல்ஃப்'. விதிகளில் ஒரு குறும்பும் உண்டு. கருவைச் சொல்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை! அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று எதிராளி முடிவுகட்டவும் இடமுண்டு. ஒரு சொல் இருக்கிறது என்று நிரூபிக்க ஓர் உதாரணம் போதும். இல்லை என்று நிரூபிக்க மொழி முழுவதையும் அலச வேண்டும். கணித ஆசிரியருக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த விளையாட்டுகளில் உடனே எழுந்த சண்டை, எது செல்லுபடியாகும் சொல் என்பது. 'மிஷ்மாஷ்' விதிகளில் கரோல், சாதாரணமாக மனிதர்கள் அறிந்த சொல்லாக இருக்க வேண்டும், இயற்பெயர் கூடாது என்று வரையறுத்தார். அதற்கு முன் 1879இல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் அவர் தொடங்கிய 'டப்ளெட்ஸ்' போட்டியில், ஒவ்வொரு எழுத்தாக மாற்றி 'ஹெட்' என்ற சொல்லை 'டெயில்' ஆக்க வேண்டும். இடையில் வருபவை அனைத்தும் உண்மையான சொற்களாக இருக்க வேண்டும். வாசகர்கள் யாரும் கேள்விப்படாத சொற்களோடு வரக்கூடும் என்பதால், அதை நூலாக்கியபோது அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் ஒன்றையும் இணைத்தார். பட்டியலுக்குள் இருந்தால் சொல், இல்லையென்றால் இல்லை. நூறாண்டு கழித்து ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டின் போட்டிகள் வந்து சேர்ந்ததும் இதே இடத்துக்குத்தான்.

1913 டிசம்பர் 21 அன்று இந்தத் தேடல் வரவேற்பறையிலிருந்து தெருவுக்கு வந்தது. 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் ஒரு புதிரை அச்சிட்டார். வைர வடிவக் கட்டங்கள்; மேலே ஏற்கெனவே நிரப்பப்பட்ட 'ஃபன்' என்ற சொல். வின் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கம் அதுதான். 1924 ஏப்ரலில் ரிச்சர்ட் சைமன், மேக்ஸ் ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் புதிதாகத் தொடங்கிய பதிப்பகம், குறுக்கெழுத்துகளை மட்டுமே கொண்ட முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சில் இலவசம். அமெரிக்காவே பித்துப்பிடித்து அலைந்தது. ரயில் நிறுவனம் ஒன்று பயணிகளுக்காகப் பெட்டிகளில் அகராதி வைத்தது. நூலகங்களில் அகராதி அலமாரியை முற்றுகையிட்ட புதிர்ப் பிரியர்களால் மற்ற வாசகர்களுக்கு இடமில்லாமல் போயிற்று என்று புகார்கள் எழுந்தன.

குறுக்கெழுத்தை நிரப்புபவரின் தேவை மிஷ்மாஷ் ஆடுபவரின் தேவையைவிடக் கூர்மையானது. ஏழு எழுத்துச் சொல். இரண்டாவது எழுத்து 'ஆர்', ஐந்தாவது 'கே' என்பதுபோல இடமும் தெரியும், நீளமும் தெரியும். அதற்கேற்ப, சொற்களை எழுத்து எண்ணிக்கைப்படி பிரித்துத் தரும் புதிர் அகராதிகள் சந்தைக்கு வந்தன. பிரிட்டனில் புதிர் இன்னொரு திசையில் வளர்ந்தது. குறிப்புக்குள்ளேயே எழுத்துகளைக் கலைத்து வைத்து, அவற்றைச் சேர்த்தால் விடை வரும்படி தந்திரமாக எழுதும் பாணி அங்கே வேரூன்றியது. சென்னையிலிருந்து வரும் 'தி இந்து'வின் குறுக்கெழுத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாணி பழக்கமானது. லண்டன் 'அப்சர்வர்' இதழின் 'எவரிமேன்' புதிரும் 'தி இந்து'வின் ஞாயிறு இதழில் வந்திருக்கிறது.

எல்லோரும் பித்தில் ஆழ்ந்திருக்க, 'நியூயார்க் டைம்ஸ்' மட்டும் முகம் சுளித்தது. முன்கூட்டி வரைந்த கட்டங்களுக்குள் எழுத்துகள் பொருந்தும்படி சொற்களைத் தேடுவது பாவகரமான நேர விரயம் என்று 1924இல் தலையங்கமே எழுதியது. அந்த நாளிதழ் 18 ஆண்டுகள் பிடிவாதமாக நின்றது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, போர்ச் செய்திகளால் சோர்ந்த வாசகருக்கு ஏதாவது ஆறுதல் வேண்டும் என்ற நிலையில், 1942 பிப்ரவரி 15 அன்று அதுவும் தன் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டது.

இதற்கெல்லாம் வெகு முன்பே வேறொரு கேள்விக்கும் விடை தேவைப்பட்டிருந்தது. எந்த எழுத்து ஆங்கிலத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறது? 1830களின் இறுதியில் தந்திக்குக் குறியீடு வகுத்தபோது, மோர்ஸும் அவருடைய துணைவர் ஆல்ஃபிரட் வெய்லும் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள். அச்சகத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை ஈய அச்சுகள் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினால் போதாதா? 'இ'க்கு 12,000 அச்சுகள், 'இசட்'டுக்கு வெறும் 200. தந்தியில் 'இ'க்கு ஒற்றைப் புள்ளி கிடைத்தது இந்தக் கணக்கால்தான். எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'தி கோல்டு பக்' கதையில் வரும் புதையல் குறியீட்டை அவிழ்ப்பதும் இதே கணக்கை வைத்துத்தான்.

அந்தக் கதை நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் வாழ்ந்த ஆல்ஃபிரட் பட்ஸ் மனத்தில் ஒரு பொறியை வைத்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் அவர். சதுரங்கம் திறமைக்கானது, பகடை அதிர்ஷ்டத்துக்கானது, இரண்டையும் கலந்து எழுத்தை வைத்து ஏன் ஒரு விளையாட்டு இருக்கக்கூடாது என்று யோசித்தார். எத்தனை 'இ' வைப்பது, எத்தனை 'எஸ்' வைப்பது? 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தை எடுத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். அப்படிப் பிறந்ததுதான் 100 வில்லைகள் கொண்ட பங்கீடு. 'இ' 12 வில்லைகள், மதிப்பு ஒன்று. 'க்யூ', 'இசட்' தலா ஒன்று, மதிப்பு பத்து. 'எஸ்' அடிக்கடி வரும் எழுத்துதான். ஆனால் எந்தப் பெயர்ச்சொல்லுக்கும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிடுவார்கள் என்பதால் நான்கு மட்டுமே கொடுத்தார். எண்ணிக்கையை அப்படியே நகலெடுக்காமல் விளையாட்டுக்காக வளைத்த இந்த இடத்தில்தான் பட்ஸின் கைத்திறன் தெரிகிறது.

பெரிய விளையாட்டு நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புரூநாட் என்பவர் உரிமையைப் பெற்று, விதிகளைச் செப்பனிட்டு, ஸ்கிராபிள் என்று பெயர் பதிவு செய்தார். கனெக்டிகட் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் மரவில்லைகளில் எழுத்து பதித்தார்கள். 1949இல் விற்றவை 2,400 பெட்டிகள். நட்டம் 450 டாலர். 1952இல் நியூயார்க்கின் மேசிஸ் அங்காடி பெரிய அளவில் வாங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. பட்ஸுக்குக் கிடைத்தது ஒரு பெட்டிக்குச் சில சென்ட் உரிமத்தொகை. ஜாக்சன் ஹைட்ஸில் அவர் நண்பர்களோடு விளையாடிய தேவாலயம் உள்ள தெருவின் பெயர்ப்பலகையில் இன்று ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஸ்கிராபிள் மதிப்பெண் இருக்கிறது.

ஸ்கிராபிள் ஆட்டக்காரரின் கையில் ஏழு எழுத்துகள். ஏழையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் 50 மதிப்பெண் கூடுதல். ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையையும் மனத்தில் ஓட்டிப் பார்க்க எவராலும் முடியாது. போட்டி ஆட்டக்காரர்கள் கண்ட வழி, எழுத்துகளை முதலில் அகரவரிசையில் அடுக்குவது! 'ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி' என்ற வரிசையைக் கண்டவுடன் 'ரிடெயின்ஸ்', 'நாஸ்டியர்', 'ரெட்டினாஸ்', 'ஸ்டெய்னர்' என்று விடைகள் கொத்தாக நினைவுக்கு வரும்படி பயிற்சி செய்தார்கள். எழுத்துகள் எப்படிக் கலைந்து வந்தாலும் அகரவரிசையில் அடுக்கினால் ஒரே முகம்தான் காட்டும். அந்த முகத்தை மனப்பாடம் செய்தால் போதும். ஹூக் சுருள்வில் விதியை ஒளித்த அதே உத்தி!

1978இல் மெரியம்-வெப்ஸ்டர், ஸ்கிராபிளுக்கென்றே அதிகாரபூர்வ அகராதி ஒன்றை வெளியிட்டது. அதன் பிறகு சொல்லின் பொருள் இரண்டாம்பட்சமாகிவிட்டது. பட்டியலில் உண்டா இல்லையா என்பதே கேள்வி. இதன் உச்சத்தைத் தொட்டவர் மலேசியாவில் வாழும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ். 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் அவர் வென்றது மலேசியத் தமிழரான கணேஷ் ஆசீர்வாதத்தை. 2015இல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரங்களில் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டார் என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். 2024இல் ஸ்பானியப் பட்டத்தையும் அதே பாணியில் வென்றார்.

தொலைக்காட்சியும் சும்மா இருக்கவில்லை. பிரான்சில் ஆர்மான் ஜாமோ 1965இல் உருவாக்கிய எழுத்து விளையாட்டு நிகழ்ச்சியைத் தழுவி, பிரிட்டனின் சேனல் 4 தன் முதல் நாளான 1982 நவம்பர் 2 அன்று 'கவுன்ட்டவுன்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒன்பது எழுத்துகள், 30 விநாடிகள், அவற்றில் அமைக்கக்கூடிய மிக நீளமான சொல். அரங்கின் மூலையில் அகராதியோடு ஒரு நிபுணர். இன்றும் நிகழ்ச்சி ஓடுகிறது.

மனித நினைவு இப்படி உழைத்துக்கொண்டிருக்க, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் வேறு வகையில் வேலை நடந்தது. 1973 வாக்கில் அங்கே கென் தாம்ப்சன் 'கிரெப்' என்ற சிறிய நிரலை எழுதினார். கொடுத்த வடிவம் எந்தெந்த வரிகளில் இருக்கிறது என்று ஒரு கோப்பைத் தேடிக் காட்டுவதுதான் அதன் வேலை. அந்த ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகில், 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் தலைச்சொற்கள் வரிக்கு ஒன்றாக 2,34,000க்கும் மேற்பட்டவை ஒரு கோப்பாகப் புழங்கின. நிரலும் கோப்பும் சேர்ந்ததும் கரோலின் மிஷ்மாஷ் ஒரு விநாடி வேலையாகிவிட்டது. 'ஜி-பி' என்று தட்டினால் அந்த எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்களெல்லாம் திரையில் கொட்டும். இல்லை என்று நிரூபிப்பதும் அவ்வளவே எளிது. திரை வெறுமையாக இருக்கும். ஐந்து உயிரெழுத்துகளும் அகரவரிசையிலேயே வரும் சொற்கள் எவை என்ற பழைய புதிருக்கு 'ஃபசீஷியஸ்', 'அப்ஸ்டீமியஸ்' என்ற இரண்டைத்தான் பலரும் சொல்வார்கள். 1984இல் கெர்னிகனும் பைக்கும் எழுதிய யுனிக்ஸ் நூல், ஒரே கட்டளையில் அப்படிப்பட்ட சொற்களை வரிசையாக எடுத்துக் காட்டியது.

கலைந்த எழுத்துகளுக்கு 'கிரெப்' போதாது. அதற்கான விடையை அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பென்ட்லி 1980களில் தம் பத்தியில் அழகாக விளக்கினார். அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கையொப்பம் போடுங்கள். அந்தச் சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கினால் அதுதான் கையொப்பம். 'லிஸன்', 'சைலன்ட்', 'என்லிஸ்ட்', 'டின்சல்' நான்குக்கும் 'இ, ஐ, எல், என், எஸ், டி' என்ற ஒரே கையொப்பம். பிறகு கையொப்பப்படி மொத்தப் பட்டியலையும் வரிசைப்படுத்தினால் உறவுள்ள சொற்களெல்லாம் தாமாக அருகருகே வந்து நிற்கும். வந்த எழுத்துகளை 720 விதமாக மாற்றிப்போட்டுத் தேட வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை அடுக்கி, ஒரே இடத்தில் பார்த்தால் போதும். கையில் உள்ள எழுத்துகளில் சிலவற்றை மட்டும் கொண்டு அமையும் குட்டிச் சொற்கள் வேண்டுமா? ஏழு எழுத்துகளிலிருந்து 127 விதமாகப் பொறுக்கலாம். 127 கையொப்பங்களைத் தேடினால் முடிந்தது. இன்று கைப்பேசியில் எழுத்தைக் கொடுத்தால் சொல்லைக் கொட்டும் செயலிகள் பலவற்றின் அடிப்படையில் இருப்பது இந்த எளிய தந்திரம்தான்.

1988இல் ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் என்ற கணினி அறிவியலாளர்கள் இருவரும் இன்னொரு வழியைக் காட்டினார்கள். ஸ்கிராபிள் அகராதியின் 94,000க்கும் அதிகமான சொற்களை ஒரு வலைப்பின்னலாக்கினார்கள். ஒரே தொடக்கம் உள்ள சொற்கள் தொடக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒரே முடிவு உள்ளவை முடிவைப் பகிர்ந்துகொள்ளும். காட்ரி முன்பக்கமிருந்தும் வாக்கர் பின்பக்கமிருந்தும் அடுக்கியவை ஒரே அமைப்பில் இணைந்தன. ஏறத்தாழ 780 கிலோபைட் இடம் பிடித்த பட்டியல் 175 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. கட்டத்தில் எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்பதை நிரல் விநாடிக் கணக்கில் சொன்னது. 2006இல் டொரன்டோவில் 'குவேக்கிள்' என்ற நிரல் முன்னாள் உலக வாகையர் டேவிட் பாய்ஸை ஒரு தொடரில் தோற்கடித்தது.

தேடல் என்ற சிக்கல் அத்தோடு தீர்ந்துவிட்டது. விளையாட்டு தீரவில்லை. 2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் என்ற மென்பொருளாளர் தம் துணைவிக்காக எழுதிய 'வேர்டில்' என்ற புதிரைப் பொதுவில் வைத்தார். நாளுக்கு ஓர் ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்புகள். ஆங்கிலத்தின் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களில் அவருடைய துணைவி தமக்குத் தெரிந்தவற்றைப் பொறுக்கியெடுக்க, விடைப்பட்டியல் 2,300 அளவில் நின்றது. சாதாரணமாக மனிதர்கள் அறிந்த சொல்லாக இருக்க வேண்டும் என்ற கரோலின் நிபந்தனை மீண்டும் வந்துவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் ஆடியவர்கள் 90 பேர். இரண்டே மாதத்தில் மூன்று லட்சம். முதல் ஊகத்துக்கு எந்தச் சொல் சிறந்தது என்று கண்டுபிடிக்க, பட்ஸ் செய்ததுபோலவே லட்சக்கணக்கானோர் எழுத்துகளின் எண்ணிக்கையைக் கணக்கிடத் தொடங்கினார்கள். 2022 ஜனவரி இறுதியில் அதை மில்லியன் டாலர்களைத் தாண்டிய விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? சொற்களைத் தேடுவது பாவகரமான நேர விரயம் என்று 1924இல் கண்டித்த அதே 'நியூயார்க் டைம்ஸ்'. ஏழு எழுத்துகளைக் கொடுத்து, நடு எழுத்து கட்டாயம் வரும்படி சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் 'ஸ்பெல்லிங் பீ'யையும் அது முன்பே நடத்திக்கொண்டிருந்தது.

செயலியில் விடை கிடைக்கும் என்று தெரிந்தும் மக்கள் தாங்களாகத் தேடுகிறார்கள். போட்டி அரங்குகளில் கைப்பேசியைத் தடைசெய்கிறார்கள். வீட்டில் ஆடுபவர்கள் தமக்குத் தாமே தடை விதித்துக்கொள்கிறார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கரோல் கேட்டது சொற்பட்டியலை அல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு சொல் தெரியும், அதை எவ்வளவு வேகமாக நினைவிலிருந்து எடுக்க முடியும் என்பதை. அந்தக் கேள்விக்கு எந்த நிரலும் நமக்குப் பதிலாக விடை சொல்ல முடியாது.

வாசகர்களும் முயன்று பார்க்கலாம். கரோலின் விதிப்படி மூன்று கருக்கள்: 'டபிள்யூ-கே-டபிள்யூ', 'எம்-பி-கே', 'கே-ஜி-ஆர்'. மூன்றுக்கும் அன்றாட ஆங்கிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் உண்டு. கைப்பேசியைத் தொடாமல் கண்டுபிடியுங்கள்.